தசரதன் வீட்டுப் புளிப்பு

ஆரணி,
17-3-1984.

அன்பு மகள் தேவகிக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும். இங்கு அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு மேற்கொண்டு செல்வதுதான் முறை. இன்று அந்த ஒரு வரியை என்னால் முழுதாக எழுத இயலவில்லை, ஆகவே பிரித்து எழுதுகிறேன். உன் அம்மா நலம். உன் தம்பி வேலூரில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், அவனும் நலம். நான் அரசு மருத்துவமனையில் ஆண்கள் பகுதியில் ஒரு கட்டிலில் உட்கார்ந்து, தொடைமேல் பரீட்சை அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். எனக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் அம்மாள் சொல்லிவிட்டார். இதை நீ முதலிலேயே அறிந்துகொண்டால்தான் மீதியைப் பதறாமல் படிப்பாய் என்பதால் முதலில் எழுதினேன். ஆபத்தில் இருப்பது என் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தனக்கோடி என்ற குழந்தை. இதே கட்டடத்தில் பெண்கள் பகுதியில் படுத்திருக்கிறாள். நேற்று முன்தினம் வகுப்பறையில் ஒரு விஷப்பொருள் அவள் வயிற்றுக்குள் போய்விட்டது. அதன் பிறகு அவளுக்குச் சிறுநீர் இறங்கவே இல்லை. இறங்கினால் பிழைத்தாள், இறங்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டும், பிறகு தம்மால் ஆவது அதிகமில்லை என்று டாக்டர் அம்மாள் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது தேவகி. இந்த வாக்கியத்தை உனக்கு நான் இதுவரை எழுதியதில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன் சித்தி செல்லம்மாள் எப்படியும் உனக்குக் கடிதம் போடுவாள், அதில் தலையும் காலும் மாறியிருக்கும், அதை நீ முதலில் படிக்கக் கூடாது. சென்ற மாதம் நீ எழுதியிருந்தாய் அல்லவா, பேத்தியின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைக்கு ஒத்தாசையாகப் போனதையும், உங்கள் ஊரில் மெக்சிகோ நாட்டார் நிறைய இருப்பதால் வகுப்பறையிலேயே குழந்தைகளைக் கொண்டு சால்ஸா என்ற தொடுகறி செய்ததையும், பழுத்த தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய், கொத்துமல்லித்தழை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பிட்டுக் கலந்தால் ஆயிற்று, சோள வறுவலால் தொட்டுத் தின்பார்கள் என்றும். உன் அம்மா கேட்டுவிட்டு, அடுப்பே மூட்டாம இன்னா சட்னிங்க அது, மாட்டுக்கு அரிஞ்சு போட்ட மாதிரி என்று சிரித்தாள். என்னைக் கவர்ந்ததோ அந்த அடுப்பில்லாமைதான். உணவைப் பற்றிய பாடத்தில், சில சத்துகள் வேகவைத்தால் அழிந்துபோகும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன், குழந்தைகளும் எழுதிக்கொள்கிறார்கள், யாருக்கும் விளங்குவதில்லை. நெருப்பு இல்லாமையால் ஆபத்தும் இல்லை, இதைச் செய்தே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். குழந்தைகளின் வாயில் சால்ஸா நுழையவில்லை; சலசலா என்று ஆக்கிக்கொண்டார்கள். ஒரே நாளில் பள்ளி முழுவதும் சலசலா என்பதே பேச்சாயிற்று.

என்னை நீ அறிவாய். முன்னேற்பாடு எதையும் நான் விடவில்லை. நகம் வெட்டியிராதவர் கலந்துகொள்ளக் கூடாது, இருமல் உள்ளவர் எட்ட நின்று பார்க்கலாம், தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும், அரிவாள்மணை என்னிடமும் ஜெயம் டீச்சரிடமும் மட்டுமே இருக்கும், பிள்ளைகள் அரிந்ததைக் கலப்பார்கள் என்றெல்லாம் விதித்திருந்தேன். பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறி விஷமாகும் என்பதால் எவர்சில்வர் பாத்திரம்தான் என்று கண்டிப்பாகச் சொன்னேன். விஷத்தைப் பற்றி நினைக்காமல் இல்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பாத்திரம் என்று வைத்து, யார் எதைக் கொண்டுவருவது என்றும் பங்கிட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் எலுமிச்சம்பழம் இருக்காது, அதை வாங்கச்சொல்லிப் பெற்றோரை நெருக்கவும் கூடாது என்று எண்ணி, எலுமிச்சை என்று சொல்வதற்குப் பதிலாக, புளிப்புக்கு வீட்டில் எது இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒரு குழு எலுமிச்சை என்றது, ஒரு குழு மாங்காய் என்றது, மற்றொன்று புளி என்றது. நான்காவது குழுவில் தனக்கோடி எழுந்து நின்று, எங்க ஊட்ல புளிப்பு டப்பா நெறைய கீது சார், நான் எடுத்துகினு வரேன் என்றாள். அந்தக் குழந்தை வகுப்பில் தானாக எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. நல்லது, கொண்டுவா என்றேன்.

அவள் தகப்பன் தசரதன் பட்டுக்குச் சாயம் தோய்ப்பவர். தோய்க்கும் கொட்டகை வீட்டோடு சேர்ந்தது. சாயத்தொட்டியில் வேலை செய்கிறவர்கள் அமிலம் என்றோ வேறு பெயரோ சொல்வதில்லை. பட்டில் சாயம் பிடிக்கவும், பாத்திரத்தில் ஏறிய கறையை எடுக்கவும் போடுகிற எதுவானாலும் அவர்களுக்கு அது புளிப்புதான். புளிப்பு போட்டியா, புளிப்பு பத்தலை என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். அந்த வீட்டில் பிறந்த குழந்தைக்குப் புளிப்பு என்றால் அதுதான் என்பதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் பாடம் சொல்கிற எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை காலை செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்தாள், வெள்ளையாக, கற்கண்டை நொறுக்கியது போல. இது என்னம்மா என்று கேட்டேன். புளிப்பு சார் என்றாள். யார் போடுவார்கள் என்று கேட்டேன். எங்கப்பா தெனமும் போடுவாரு சார் என்றாள். கோடைக்குச் சர்பத் போடுகிறவர்கள் கடையில் வாங்குகிற எலுமிச்சை உப்பு என்று எண்ணிக்கொண்டு, ஒரு சிட்டிகை போதும் என்று சொல்லி அடுத்த குழுவுக்குப் போய்விட்டேன். யார் போடுவார்கள் என்று கேட்ட நான் எதில் போடுவார்கள் என்று கேட்கவில்லை.

பிறகு நடந்தது இது. மற்ற மூன்று பாத்திரங்களையும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். சோள வறுவலுக்குப் பதிலாக அப்பளம் ஒடித்துத் தொட்டுத் தின்று ஒருவரையொருவர் முந்தினார்கள். நான்காவது பாத்திரத்தை எவரும் தொடவில்லை, அவள் குழுவினரே தொடவில்லை. ராஜவேலு என்ற பையன், சாயக்காரி கை பட்டதுடா, துன்னா பல்லு ஊதாவாயிடும் என்றான். தகப்பனுக்கு நூல் பிரித்துக்கொடுத்து அந்தப் பெண்ணின் விரல் நுனிகள் எப்போதும் ஏதேனும் ஒரு நிறத்தில் இருக்கும். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, நீ துன்னாட்டி போடா, சாருக்குக் குடுப்பேன், உன் சலசலாவுல புளிப்பே இல்ல என்று சொல்லி, நான் பார்க்காத வேளையில் பொட்டலத்தில் மீதி இருந்ததையும் கொட்டிக் கலந்திருக்கிறாள். எனக்குச் சினம் வந்தது. ஒருவர் கை பட்டதை ஒருவர் தின்னமாட்டேன் என்பதை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. எல்லோரும் பார்க்கும்படி அந்தப் பாத்திரத்தருகில் சென்று, ஓர் அப்பளத் துண்டில் எடுத்து வாயில் போட்டேன். பல் கூசியது, நாக்கு நுனி சுட்டது. இது எலுமிச்சை உப்பு அன்று என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது தேவகி. துப்பியிருக்க வேண்டும். வகுப்பு முழுவதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் துப்பினால் அதன் பிறகு அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் தலைநிமிர முடியாது. விழுங்கினேன். சார், நல்லா கீதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான், அவள் தட்டு நிறைய எடுத்துக்கொண்டு, ராஜவேலுவைப் பார்த்தபடியே தின்றாள்.

இங்கே ஒன்றை எழுதவேண்டும். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. எல்லோரும் இந்தப் பாத்திரத்திலும் ஒரு வாய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிடத்தான் நான் திரும்பினேன். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அவள், எரியுது சார் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மிளகாய்க் காரம் என்று எண்ணித் தண்ணீர் குடிக்கச் சொன்னேன், பிள்ளைகள் சிரித்தார்கள். குடித்ததும் வாந்தி எடுத்தாள், அதில் சிவப்பாக இழையோடியிருந்தது, தக்காளியா ரத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. முதலுதவிப் பயிற்சியில் நான் கற்றதும் மற்றவர்களுக்குக் கற்பித்ததும் இதுதான்: விஷமானால் வாந்தி எடுக்கவை, அமிலமானால் வாந்தி எடுக்கவைக்காதே. இரண்டு விதியும் எனக்கு மனப்பாடம், இது எந்த விதிக்கு உட்பட்டது என்பதுதான் தெரியவில்லை. ஜெயம் டீச்சர் தசரதன் வீட்டுக்கு ஓடினார். நான் எதிர்க் கடையிலிருந்து பாலை வாங்கி அவளுக்குப் புகட்டிவிட்டு, மிச்சப் பாத்திரத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, அவளை ரிக்ஷாவில் ஏற்றி மடியில் கிடத்திக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே தசரதன் எங்களை வந்து பிடித்தார், முழங்கைவரை பச்சைச் சாயத்தோடு. அது பட்டுக்குப் போடற புளிப்பு சார், அது வாய்க்குப் போடறது இல்ல சார் என்றார். அப்போதும் அவருக்கு அதற்கு வேறு பெயர் வரவில்லை. பாத்திரத்தைப் பார்த்த டாக்டர் அம்மாள் அது ஆக்ஸாலிக் அமிலமாக இருக்கும் என்று கூறி, கால்சியம் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். பால் கொடுத்தது சரி என்றார். வேறொன்றும் சரி என்று சொல்லவில்லை.

நான் தின்றதை அவரிடம் நான் சொல்லவில்லை. குழந்தையைக் கவனிக்கட்டும் என்று பேசாதிருந்தேன் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் நம்பினாள். உனக்கு உண்மையை எழுதுகிறேன். நான் தின்றேன் என்று சொன்னால், தின்றபோது தெரியவில்லையா என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். தொண்டை எரிந்துகொண்டேயிருக்க, அவசரப் பகுதியில் அவள் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கண்விழித்து, என்னைப் பார்த்து, பக்கத்தில் நின்ற நர்ஸ் அம்மாளிடம், சாரும் துன்னாரு என்றாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். தனக்கோடி என்னிடம், நீங்க துப்பிட்டீங்களா சார் என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்ப நீங்களும் படுத்துக்கோங்க சார், ஊசி அவ்ளோ வலிக்காது என்றாள். அப்படித்தான் நான் இந்தக் கட்டிலுக்கு வந்தேன். டாக்டர் அம்மாள் என்னை மாணவனைக் கடிந்துகொள்வதுபோல் கடிந்துகொண்டார். எனக்கும் சிறுநீரை அளந்து பார்க்கிறார்கள், ஒரு கண்ணாடிக் குடுவையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நான் உண்டது சிறிதாகையால் எனக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதை ஒவ்வொரு முறையும் அந்த நர்ஸிடம் எடுத்துக் கொடுக்கும்போது, அங்கே அந்தப் பெண்ணின் குடுவை காலியாக இருக்கிறதே என்றுதான் நினைக்கிறேன்.

பெண்கள் பகுதிக்குள் நான் போகக் கூடாதாம். உன் அம்மா போய்ப் பார்த்துவந்து சொல்வதுதான் எனக்குச் செய்தி. முகம் ஊதியிருக்கிறது என்றாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறாளாம், அளந்துதான் கொடுக்கிறார்களாம். தாய் ஆதிலட்சுமி பேசாமல் மகளின் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளாம். மருத்துவமனை வாசலில் பெற்றோர் சிலர் கூடி நின்று என்னைப் பற்றி விசாரிக்கிறார்கள்; கல்வி அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை, அவற்றுக்கு விளக்கம் எழுதிக்கொடுக்க எனக்குத் தெரியும். தசரதன் என்மீது ஒரு சொல்லும் கோபமாகப் பேசவில்லை, அதுதான் தாங்கவில்லை. என் தப்புதான் சார், டப்பாவ ஒசரத்துல வெச்சிருக்கணும் என்று வந்து வந்து சொல்கிறார். உங்கள் தவறு அல்ல என்று சொன்னால், நீங்க வாத்தியாரு, உங்களுக்கு இன்னா சார் தெரியும் என்கிறார், ஆறுதலாகத்தான் சொல்கிறார். வராந்தாவில் யார் வேகமாக நடந்தாலும் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறேன். நல்ல செய்தியை மெதுவாக நடந்துவந்து சொல்ல மாட்டார்கள், கெட்டதையும் அப்படித்தான். ஆகையால் காலடி ஓசையிலிருந்து எதையும் கண்டுகொள்ள முடியவில்லை.

நீ ஒன்றைச் செய்யக் கூடாது. நான் எழுதியதால்தானே இப்படி ஆயிற்று என்று உட்கார்ந்து அழக் கூடாது. உன் சமையல் குறிப்பில் எலுமிச்சம்பழம் என்று தெளிவாக எழுதியிருந்தாய். அதை மாற்றியது நான். அந்தப் பள்ளியில் இந்த வேலையை நிறுத்திவிடவும் வேண்டாம். ஆனால் உன் கூட இருக்கும் பிள்ளைகள் வெவ்வேறு நாட்டார், வெவ்வேறு வீட்டார். நீ ஒன்றைச் சொல்ல அவர்கள் வீட்டில் அது வேறாக இருக்கும். ஒரு குழந்தை எதைக் கொண்டுவந்தாலும், இதன் பெயர் என்ன என்று கேட்டு நிறுத்திவிடாதே, இதை உன் வீட்டில் யார் தின்றார்கள், நீ தின்றிருக்கிறாயா என்று கேள். இதைக் கேட்டிருந்தால், ச்சீ இல்ல சார் என்று அந்தப் பெண் அன்றே சொல்லியிருப்பாள்.

இத்துடன் நிறுத்தி உறையில் இடலாம் என்றுதான் இருந்தேன். இடையில் நடந்ததையும் சேர்க்கிறேன். கையெழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள். சற்று முன், வராந்தாவில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. தசரதன். இந்தப் பகுதியின் வாசலில் வந்து நின்றார், மூச்சு வாங்கியது, கண்ணில் நீர் வழிந்தது, தோள்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். சார், பாப்பா போயிட்டா சார் என்றார்.

நான் எழுந்தேனா உட்கார்ந்தேனா என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். உன் அம்மா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தசரதன் எங்களைப் பார்த்து விழித்துக்கொண்டு, போயிட்டா சார், நல்லா போயிட்டா என்று மறுபடியும் சொன்னார். அப்போதுதான் அவர் பின்னாலேயே ஓடிவந்த ஆதிலட்சுமி, இரண்டு நாளாகப் பேசாதிருந்தவள், புருஷன் முதுகில் ஒன்று வைத்து, ஒண்ணுக்குப் போயிட்டான்னு முழுசா சொல்லுய்யா, சார் மூஞ்சியப் பாரு என்றாள். தலைமை ஆசிரியரான என் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லக் கூசிக்கொண்டு அதை விட்டுவிட்டிருக்கிறார் அந்த மனிதர். என்னை மரியாதையாக நடத்தப்போய்க் கொல்லப்பார்த்தார். நான் அழுதேன் தேவகி, பகுதியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும். உன் அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். டாக்டர் அம்மாள் வந்து, இறங்கியது கொஞ்சம்தான், இன்னும் சில நாட்கள் வைத்துப் பார்க்க வேண்டும், தேவையானால் வேலூருக்கு அனுப்புவோம், இப்போதே குதிக்க வேண்டாம் என்றார். சரியான பேச்சு, பயம் எனக்கு முற்றிலும் போகவில்லை. ஆனால் அதன் பிறகு இன்னொரு முறையும் இறங்கிவிட்டது. தசரதனே வந்து சொன்னார். இந்தத் தடவை வாசலில் நின்றபடியே, பாப்பா ஒண்ணுக்குப் போயிட்டா சார் என்று, ஒரு சொல்லையும் விடாமல், எதிர் வராந்தாவில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, குழந்தையோடு, மனநிறைவாக வாழ வேண்டும் என்று இந்தக் கட்டிலில் இருந்தபடியே வாழ்த்துகிறேன். அங்கே வீட்டில் குளியலறை கழுவவும் துணி வெளுக்கவும் வைத்திருக்கும் புட்டிகளைப் பேத்தியின் கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வை. நாளைக்கு என்று ஒத்திப்போடாமல் இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய்ச் செய்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தந்தை,
பொ. பலராமன்.